ஒன்பதாம் புள்ளியின் ஈரம்

மார்ச் 3, செவ்வாய்

தவறு: பதினைந்து மண் மாதிரிகளையும் ஒன்றாகக் கலக்க மறந்துவிட்டேன்.

நான் படிக்கும் மண்ணியல் மாலை வகுப்பின் ஆசிரியர் சொன்னபடி எழுதுகிறேன். களக்குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் வரியில் அன்றைய தவறை எழுத வேண்டும் என்பது அவர் விதி. "சரியா செஞ்சதை எழுதி என்ன ஆகப்போகுது, அதைத்தான் ரிப்போர்ட்ல எழுதுவீங்களே" என்பார். எனக்குத் தவறுகளை எழுதுவது சிரமமில்லை. ஒரு வரியில் அடக்குவதுதான் சிரமம்.

காலையில் பதினான்காம் மேட்டுக்குப் போனேன். நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணையும் பாறையையும் லாரி லாரியாகக் கொட்டி உண்டான மேடு அது. கொட்டுவதை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வருடம் புல்டோசர் விட்டு உச்சியை வழித்துச் சரிவைத் தாழ்த்தினார்கள். இனி மரம் நட்டு நிலத்தை ஒப்படைத்துவிட்டால் கம்பெனிக்கும் மேட்டுக்கும் உறவு முடிந்தது. மரம் நட்ட நிலத்தைப் பிறகு யாரும் தோண்டக் கூடாது, முப்பது வருடத்துக்கு. நடுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன வளரும், எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று எங்கள் ஆய்வகம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் இரண்டு கையெழுத்து: மண்ணை எடுத்தவருடையது, பொறுப்பாளருடையது. எடுத்தவள் நான். பொறுப்பாளர் என் மாமா, அம்மாவின் தம்பி. சனிக்கிழமை சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். அதற்குள் தாள் தயாராக வேண்டும்.

வழக்கம் இது. பதினைந்து புள்ளிகளில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, முப்பது சென்டிமீட்டர் வரை மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து ஒரு பை. ஒரு மேட்டுக்கு ஒரு பை, ஒரு எண். நான் வாளியை எடுத்துப் போகவே மறந்தேன். மண்ணைத் தனித்தனிப் பைகளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

மேட்டில் ஒரு புல்கூட இல்லை. அணைந்த தீக்குச்சி வாசனை. கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடிந்தது. ஒன்பதாம் புள்ளியில் குழாய் எளிதாக இறங்கியது, ஆனால் மேலே வரவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் சட்டென்று விட்டால் எப்படி இருக்கும், அப்படி வந்தது. பின்னால் விழுந்து உட்கார்ந்தேன். குழாய்க்குள் இருந்த மண் கறுப்பாக, சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது.

ஆய்வகத்தில் குடுவைகள் கழுவும் அக்காவை எல்லோரும் பாட்டிலக்கா என்பார்கள். மேசைமேல் நான் பைகளை அடுக்குவதைப் பார்த்து, "என்ன தராசு, தெருவுல கடை போடப் போறியா?" என்றார். எதையும் மூன்று முறை எடை போடுவதால் எனக்கு அந்தப் பெயர்.

மாமா பைகளைப் பார்த்ததும் நின்றார். "ஏன் தனித்தனியா இருக்கு?"

"வாளியை மறந்துட்டேன் மாமா. ஆனா தனித்தனியா பாத்தா எந்த இடத்துல அமிலம் அதிகம்னு தெரியுமே."

"தெரிஞ்சு? செடிகிட்டப் போய்ச் சொல்லப் போறியா, அந்தப் பக்கம் வளராதேன்னு?" பாட்டிலக்கா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "கலந்துடு. இப்பவே."

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவர் அங்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்.

நான் கலக்கவில்லை. தனித்தனியாகச் சோதித்தால் வகுப்புக்கு ஒரு பயிற்சியாகும், வெள்ளிக்கிழமை காலையில் கலந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். இது இரண்டாவது தவறாக இருக்கலாம். இப்போதே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

தவறு: ஒன்பதாம் டப்பாவின் எடையைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மண்ணில் எவ்வளவு ஈரம் என்று கண்டுபிடிப்பதைவிட எளிய சோதனை கிடையாது. ஈர மண்ணை டப்பாவில் போட்டு எடை போட வேண்டும். ஓவனில் நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். வெளியே எடுத்து மறுபடி எடை. குறைந்ததுதான் தண்ணீர். பள்ளிப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

ஓவன் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. முன்பு சாமான் அறையாக இருந்தது, ஜன்னல் கிடையாது. பகல் மூன்று மணிக்கும் விளக்குப் போட வேண்டும். குழல்விளக்கு எரிய நேரம் எடுக்கும். அதுவரை இருட்டில் ஓவனின் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் தெரியும்.

பதினான்கு டப்பாக்களும் இரண்டு, மூன்று கிராம் குறைந்திருந்தன. ஒன்பதாவது நேற்று அறுபது கிராம். இன்று அறுபத்தொன்றரை.

மூன்று முறை போட்டேன். தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, சோதனைக் கல்லை வைத்துப் பார்த்து, மறுபடி மூன்று முறை. அறுபத்தொன்றரை. ஒரு நாள் முழுக்க வெந்த மண், கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. டப்பாவைத் துணியால் பிடித்திருந்தேன். துணி வழியாகச் சூடே தெரியவில்லை. சில்லென்றிருந்தது.

என் குறிப்பில் பிழை என்று எழுதி, டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றி மறுபடி ஓவனில் வைத்தேன்.

மற்றச் சோதனைகளும் முடிந்தன. பதினான்கு புள்ளிகளில் மண் எலுமிச்சைச் சாறு மாதிரிப் புளிப்பு. எதிர்பார்த்ததுதான், நிலக்கரியோடு வரும் கந்தகத்தின் வேலை. பாஸ்பரஸ் இருக்கிறதா இல்லையா என்னும் அளவு. ஒன்பதில் மட்டும் புளிப்பே இல்லை. பாஸ்பரஸ் மற்ற இடங்களைப்போல நாற்பது மடங்கு. சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துப் புதிதாகச் செய்தேன். அதே எண்.

மீதி மண்ணைத் தட்டுகளில் பரப்பி உலர்த்தும் அறையில் வைத்திருந்தேன். மாலையில் கிளம்பும் முன் பார்க்கப் போனேன். பதினான்கு தட்டுகளும் நான் அட்டையால் வழித்துவிட்டபடி சமமாக இருந்தன. ஒன்பதில் ஐந்து குழிகள்.

யாரோ விரலால் அழுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். குழிகளின் விளிம்பு உள்ளே மடியவில்லை. வெளியே மலர்ந்திருந்தது.

அழுத்தம் அடியிலிருந்து வந்திருக்கிறது.

"அக்கா, தட்டுல கை வெச்சீங்களா?"

"உன் மண்ணுல கை வெச்சுட்டு நான் உயிரோட வீட்டுக்குப் போக முடியுமா?" என்று தொட்டி முன்னாலிருந்து குரல் வந்தது.

ஐந்தில் நான்கு குழிகள் தள்ளித் தள்ளி ஒரு வளைவில் இருந்தன. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் குழி கீழே தள்ளி, ஆழமில்லாமல் இருந்தது. பாதி விரல்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன். அப்படி ஒரு கை எனக்குத் தெரியும். அப்பா லாரி ஓட்டுநர். இதே சுரங்கத்தில் மண் கொட்டும் பெரிய லாரி. பின்கதவு விழுந்து அவருடைய வலது மோதிர விரலில் பாதி போய்விட்டது. "எனக்கு ஒன்பதரை விரல்டா, கணக்குப் பாடத்துக்கு என்னைக் கூப்பிடாதே" என்பார். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவர் வேறொரு பெண்ணோடு எங்கோ போய்விட்டார். பதினோரு வருடம். கடிதம் இல்லை, போன் இல்லை. நாங்கள் மூவரும் இருக்கும் படத்திலிருந்து அவரை நான்தான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன்.

மண்ணை அட்டையால் வழித்துச் சமமாக்கினேன். மூன்று முறை வழித்தும் நேராக வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

தவறு: கேட்டிருக்கக் கூடாத கேள்வியை வகுப்பில் கேட்டேன்.

ஒன்பதாம் டப்பா இன்று அறுபத்து நாலு கிராம். குறிப்புப் பிழை என்று இனி எழுத முடியாது.

வகுப்பில் எந்த மேடு என்று சொல்லாமல் எண்களை மட்டும் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கழிவு மண்ணுல பாஸ்பரஸ் இவ்வளவா? எத்தனை தடவை செஞ்ச?"

"ஆறு தடவை சார்."

"சரி, உன் பேருக்கு ஏத்த மாதிரிதான்." இங்கேயும் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. "எலும்பு. மாடு மாதிரி பெரிய உருவம் ஏதாவது அங்க மட்கியிருக்கும். நைட்ரஜனும் பாரு, ஏறியிருக்கும். எல்லாத்தையும் கலந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. பதினஞ்சுல ஒண்ணு சராசரியில கரைஞ்சு போயிருக்கும்."

கரும்பலகையில் அதையே பாடமாக நடத்தினார். நான் ஒரு வார்த்தையும் எழுதிக்கொள்ளவில்லை.

பதினான்காம் மேட்டில் மாடு ஏற வழியில்லை. நான்கு பக்கமும் வேலி.

வகுப்பு முடிந்து வீடு போகிற வழியில் ஆய்வகத்துக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. காவல்காரர் வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. நைட்ரஜன் பார்க்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாழ்வாரத்தில் நடக்கும்போதே சத்தம் கேட்டது.

டக்.

தகரம் சூட்டில் விரியும்போது வரும் சத்தம்தான் என்று நினைத்தேன்.

டக். டக்.

ஓவன் அறைக் கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். அது எரியவில்லை, கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இருட்டில் சிவப்புப் பொட்டு. மழை நாளில் லாரியின் முன்னறைக்குள் ஏறினால் வருமே, டீசலும் நனைந்த சட்டையும் கலந்த வாசனை, அது அறை முழுக்க இருந்தது. சின்ன வயதில் என்னை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்வார். அந்த வாசனை.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சத்தம் நின்றது.

ஓவன் கதவைத் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அடிக்க வேண்டும். ஈரக் காற்று வந்தது, குழிக்குள் தலையை விட்டதுபோல. டப்பாக்கள் அதனதன் இடத்தில் இருந்தன. எதுவும் கலையவில்லை.

அப்போது விளக்கு நன்றாக எரிந்தது.

ஓவன் கதவின் உட்பக்கத்தில் சேற்றால் ஒரு உள்ளங்கை. பெரியது. விரித்து, அழுத்தி, கீழ்நோக்கி இழுத்திருந்தது.

விரல்களை எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். ஒன்பதரை விரல்காரரின் வலது கை.

மார்ச் 6, வெள்ளி

தவறு: மாமா வருவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். இருபது நிமிடம் தாமதம்.

நான் போனபோது உலர்த்தும் அறையில் தட்டுகள் காலி. நடுவில் வாளி. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு மாமா மண்ணைக் கலந்துகொண்டிருந்தார். பொறுப்பாளர் ஆன பிறகு அவர் கையில் மண் பட்டு நான் பார்த்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை சொன்னது. வெள்ளிக்கிழமை நானே செய்ய வேண்டியிருக்கு" என்றார். குரலில் கோபமில்லை. அது எனக்கு மோசமாகப் பட்டது. "மேசைமேல தாள் இருக்கு. கையெழுத்துப் போடு."

தாள் முழுதாகத் தட்டச்சு ஆகியிருந்தது. அமிலம், பாஸ்பரஸ், சுண்ணாம்பு அளவு, நட வேண்டிய மரங்கள், எல்லாம். இன்னும் சோதிக்காத மண்ணுக்கு முடிவு எழுதிவிட்டார். ஈரப்பதம்: 8.2.

"இந்த எட்டு புள்ளி ரெண்டு எங்கேருந்து மாமா?"

"வழக்கமா வர்றதுதான்."

கலந்த மண்ணை அவரே நான்காகப் பிரித்தார். ஒரு பங்கைப் பையில் கட்டினார். ஒரு கிலோ. சரிபார்ப்புக்காக நகரத்து ஆய்வகத்துக்கு மாலையில் அவரே பைக்கில் கொண்டுபோவதாகச் சொன்னார். மீதியைத் தட்டுகளில் பரப்பச் சொன்னார். பரப்பினேன், பதினைந்து தட்டுகளிலும். எல்லாமே இப்போது ஒரே மண்.

கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அவர் கவனிக்கவில்லை.

அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். மேட்டில் மண் கொட்டுவதற்கு முன் தினமும் ஈரப்பதம் பார்ப்பார்கள். ஈரம் ஏறினால் சரிவு வழுக்கும், லாரி ஓரத்துக்குப் போகக் கூடாது. பதினோரு வருடத்துக்கு முந்தைய நோட்டு. பதினான்காம் மேடு. மாமாவின் இளவயதுக் கையெழுத்து, அழகாகச் சாய்ந்து.

ஜூலை 16, ஈரப்பதம் 8.2. ஜூலை 17, 8.2. ஜூலை 18, 8.2.

பக்கத்துப் பத்தியில் மழை அளவு, வேறொருவர் கையெழுத்தில். நாற்பத்தொன்று மில்லிமீட்டர். அறுபத்து மூன்று. ஐம்பது.

மூன்று நாள் கொட்டிய மழையில் மண்ணின் ஈரம் புள்ளியளவும் நகரவில்லை. மாமா டப்பாவை ஓவனில் வைக்கவே இல்லை. முந்தைய நாள் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஜூலை 18 அப்பா எங்களை விட்டுப் போன நாள்.

நோட்டோடு மாமாவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். திறந்த பக்கத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டதைப்போல.

"ஒன்பதாம் புள்ளியில யாரு மாமா?"

அவர் பேனாவை மூடினார். திறந்தார்.

"ஓரத்துல வெடிப்பு விட்டிருந்துச்சு. உங்கப்பா கண்ணுல பட்டுச்சு. வண்டியை நிறுத்திட்டு இறங்கிப் போய்ப் பாத்தாரு. என்னைத் திரும்பிப் பாத்து, ஈரமா இருக்கேடா, நீ பாத்தியான்னு கேட்டாரு." பேனாவை மறுபடி மூடினார். "பாத்தேன் மச்சான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்த இடமே இல்ல. வண்டி மட்டும் என்ஜின் ஓடிகிட்டே நின்னுச்சு."

"தோண்டலையா?"

"தோண்டினா மொத்தச் சரிவும் வரும்னு கம்பெனியில சொன்னாங்க. விஷயம் வெளிய போனா சுரங்கத்தையே மூடுவாங்கன்னாங்க. என் நோட்டை எடுத்து வெச்சுகிட்டுப் பேசினாங்க. நான் என்ன செய்ய?"

"அந்த இன்னொரு பொண்ணு?"

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"உனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சதுன்னு நினைச்ச?" என்றார் மெதுவாக. "புருஷன் வீட்டை விட்டுப் போயிட்டார்னு அக்கா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. கம்பெனி வீடும் இருக்கட்டும், பின்னாடி உனக்கு வேலையும் தர்றோம்னாங்க."

சுவருக்கு அப்பால் ஓவன் அறை.

டக்.

மாமாவின் முகம் வெளுத்தது. அந்தச் சத்தம் அவருக்குப் புதிதில்லை என்று அப்போது தெரிந்தது.

டக். டக்.

"தகரம் விரியுது" என்றார்.

"ஓவனை நான் காலையிலேயே அணைச்சுட்டேன் மாமா."

நேராக ஓவன் அறைக்குப் போய் ஒன்பதாம் டப்பாவை எடுத்தேன். மாமா பைகளையும் தட்டுகளையும் கலந்துவிட்டார், ஓவனுக்குள் இருந்ததை மறந்துவிட்டார். டப்பாவைக் கைப்பையில் வைத்தேன். நோட்டையும் கையெழுத்துப் போடாத தாளையும் வைத்தேன். வெளியே வரும்போது உலர்த்தும் அறை வாசலில் பாட்டிலக்கா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். வழக்கமான கேலி இல்லை.

"தராசு, உள்ள வந்து பாரு. நான் தொடலை. சத்தியமா தொடலை."

காலையில் நான் சமமாகப் பரப்பிய பதினைந்து தட்டுகள். பதினைந்திலும் குழிகள். நான்கு ஆழம், ஒன்று பாதி. ஒவ்வொரு தட்டிலும், விளிம்பு வெளியே மலர்ந்து.

கலந்தால் கரைந்துபோகும் என்று மாமா நினைத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை எடுத்துக் காட்டவில்லை. "ஒன்பதரை விரல்" என்று மட்டும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துண்டை அவள் மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"தம்பி சொன்னானா?"

"இல்லம்மா. மண்ணு சொல்லுச்சு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "போனவர் போயிட்டாரு. இருக்கிறவனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் யாரை வெச்சு உன்னை வளர்க்க? உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகன்னா, அவர் செத்துட்டார்னாவது சொல்லியிருக்கலாமே. ஓடிப்போனார்னு சொன்ன. நான் படத்தை வெட்டும்போது நீ எதிர்லதான் உக்காந்திருந்த."

"கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு அது மறந்துபோயிருந்தது. இப்போது நினைவு வருகிறது. பிடியை என் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள், கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். டப்பா குறிப்பேட்டின் ஓரத்தில் இருக்கிறது, பக்கம் புரளாமல் இருக்க. பதினோரு வருடம் நான் வெறுத்தது சாகும் முன் "நீ பாத்தியா" என்று கேட்ட ஒரு மனிதரை. எந்தப் பத்தியில் இந்தப் பிழையை எழுதுவது என்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து போன். நகரத்துக்குப் போகிற வழியில் எங்கோ நின்றுகொண்டிருந்தார். வண்டிகள் கடக்கும் சத்தம் கேட்டது. அவர் ரகசியம்போலப் பேசினார்.

"நீ எங்க இருக்க?"

"வீட்டுல."

"என் பின்னாடி வரலையே?"

"இல்ல மாமா. என்ன ஆச்சு?"

"பையை இறுக்கிக் கட்டித்தான் பின் சீட்டுல வெச்சேன். ஒரு கிலோ. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பின் டயர் அழுந்திப் போயிருக்கு, ரெண்டு பேர் உக்காந்த மாதிரி." மூச்சு வாங்கினார். "திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. முதுகெல்லாம் ஈரம்."

"வண்டியை விட்டுட்டு இறங்குங்க."

"இறங்க முடியல. தோள்ல கை இருக்கு." பிறகு, என்னிடம் பேசுகிற குரலாக இல்லாமல், "ஒரு விரல் மட்டும் குட்டையா இருக்கு" என்றார். பிறகு இன்னும் மெல்ல: "இல்ல மச்சான். பாக்கல. நான் பாக்கவே இல்ல."

இணைப்பு அறுந்தது. மூன்று முறை திரும்ப அழைத்தேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் இப்போது வாசலில் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். அவளுக்கும் எடுக்கவில்லை.

டப்பாவின் மூடியை நான் திறக்கவில்லை. ஆனால் அது வைத்திருக்கும் இடத்திலிருந்து தாள் நனைந்துகொண்டு வருகிறது. இந்த வரிக்கு வந்துவிட்டது, மை கலைகிறது. நாளைய வேலையை அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

நாளை, மார்ச் 7, சனி.

காலை ஏழு மணி: ஆய்வாளர் மேட்டு வாசலுக்கு வருவார். கையெழுத்துப் போடாத தாளையும் பழைய ஈரப்பத நோட்டையும் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஏழரை: ஒன்பதாம் புள்ளி. குழாய் வேண்டாம், மண்வெட்டி. முப்பது சென்டிமீட்டரில் நிறுத்தக் கூடாது.